உங்கள் பிளாஸ்க்கும் அந்த இங்கிலீஷ் வார்த்தையும்

சார்,

உங்கள் பிளாஸ்க் என்னிடம் இருக்கிறது. கடைக்குப் பெயிண்ட் அடிக்க மேல் அலமாரியைக் காலி செய்தபோது, பழைய சாம்பிள் பைகளுக்குப் பின்னாலிருந்து உருண்டு வந்தது. ஸ்டீல் பிளாஸ்க், நீல மூடி. திறந்தேன். காய்ந்த காப்பியின் வாடை முகத்தில் அடித்தது. நம் கூட்டு முறிந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. நீங்கள் இறந்தும் ஒரு வருடம் ஆகப்போகிறது. அந்த வாடை மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

அதே வாரம் உங்கள் மகள் போன் செய்தாள். வருஷ நினைவுக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம். அப்பாவோடு தொழில் செய்தவன் என்ற முறையில் நான் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். தனக்குத் தமிழ் படிக்கச் சரியாக வராது, யாரையாவது படித்துச் சொல்லச் சொல்கிறேன் என்றாள். கடைசியில் கொஞ்சம் தயங்கிவிட்டு, “யாரும் அஃபெண்ட் ஆகாத மாதிரி இருந்தா போதும், அங்கிள்” என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். எதற்கென்று அவளுக்குப் புரிந்திருக்காது. உங்கள் வீட்டுச் சொத்தோடு அந்த வார்த்தையும் அவளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த வார்த்தையை நான் முதலில் கேட்டது உங்கள் வாயிலிருந்துதான். தோல் என் பொறுப்பு, இங்கிலீஷ் உங்கள் பொறுப்பு என்று தாராவியில் நாம் கடை போட்ட புதிது. ரோட்டோரம் ஷோரூம், பின்சந்தில் இரும்புப் படி ஏறினால் ஒர்க்‌ஷாப். நீங்கள் மாட்டுங்காவிலிருந்து இஸ்திரி கலையாமல் வந்து இறங்குவீர்கள். லாபத்தில் சரிபாதி. இருந்தும் நான் உங்களை சார் என்றேன், நீங்கள் என்னை வா, போ என்றீர்கள்.

பை வாங்க வெளிநாட்டு பையர் வருகிற நாளில் நீங்கள் படும் பாட்டைப் பார்க்க வேண்டுமே. கையில் ஸ்ப்ரே டப்பாவோடு அவருக்கு முன்னால் படியேறுவீர்கள். தோல் ஒட்டுகிற சொல்யூஷன் வாடையில் அவர் அஃபெண்ட் ஆகிவிடுவார். ஆட்கள் பனியனோடு உட்கார்ந்திருந்தால் அஃபெண்ட் ஆகிவிடுவார். மிஷின் ஓட்டுகிறவன் பாட்டுப் போட்டால் அதற்கும் ஆவார். அது என்ன வார்த்தை என்று ஒரு நாள் கேட்டேன். பெரிய மனுஷாளுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டுவிடக்கூடாது, அதுதான் அர்த்தம் என்றீர்கள். அப்படியே மனதில் வாங்கிக்கொண்டேன்.

எங்களைப் பற்றிப் பேசும்போது அதே வார்த்தை வேறு வேஷத்தில் வரும். “நோ அஃபென்ஸ்”, தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று தொடங்குவீர்கள். அடுத்து வருவது நிச்சயமாக எங்கள் படிப்பையோ சாப்பாட்டையோ வீட்டையோ பற்றி இருக்கும். ஹாரன் அடித்துவிட்டு ஆள்மேல் ஏற்றுகிற டெம்போக்காரனைப் போல. ஹாரன் அடித்துவிட்டதால் தப்பு நம்முடையது ஆகிவிடும்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். உங்கள் நாக்கு இல்லாமல் எங்கள் பை கடல் தாண்டியிருக்காது. அதை நான் எந்த இடத்திலும் மறுத்ததில்லை. அதனால்தான் இந்த பிளாஸ்க்கையும் அத்தனை காலம் பொறுத்துக்கொண்டேன். தினமும் வீட்டிலிருந்து காப்பி, ஒரு பாட்டிலில் தண்ணீர். எங்கள் இடத்தில் ஒரு மடக்கு குடித்ததில்லை நீங்கள். வயிறு ஒத்துக்கொள்ளாது என்பீர்கள். பையரோடு நட்சத்திர ஓட்டலுக்குப் போனால் உங்கள் வயிறு எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டதை நானும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

இசக்கி என் மனைவி. இந்தத் தொழில் அவளுடைய அடுப்படியில், ஒற்றை மிஷினோடு தொடங்கியது. லைனிங் துணி வெட்டியவள் அவள். ஆட்களுக்குப் பொங்கிப் போட்டவள் அவள். ஒர்க்‌ஷாப்பில் எல்லாருக்கும் அவள் அக்கா. ஜெர்மனிக்காரர் வந்த அன்று, வீடு தேடி வந்த விருந்தாளி என்று நினைத்து, இஞ்சி தட்டிப் போட்ட டீயும் முறுக்கும் எடுத்துக்கொண்டு அந்த இரும்புப் படியில் ஏறி வந்தாள்.

நீங்கள் மேல்படியிலேயே அவளை மறித்தீர்கள். “இதெல்லாம் வேண்டாம்மா. அவர் அஃபெண்ட் ஆயிடுவார். கீழ கொண்டு போ.” ஜெர்மனிக்காரர் அதற்குள் தட்டை நோக்கிக் கை நீட்டிவிட்டார். நீங்கள் இங்கிலீஷில் ஏதோ சொன்னீர்கள். கை பின்னால் போனது. மிஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. நிறைந்த தட்டோடு அந்தப் படியில் ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம், பிடிக்க ஒரு கை வேண்டும். இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு, காலால் படியைத் தடவித் தடவி அவள் இறங்கினாள். நான் ஓடிப்போய்த் தட்டை வாங்குவதற்குள் பாதிக்குமேல் போய்விட்டாள். நீங்கள் அட்டை டப்பா ஜூஸுக்கு ஆள் அனுப்பினீர்கள்.

மறுநாளிலிருந்து அவள் அந்தப் படியை மிதிக்கவில்லை. ஆட்களிடமிருந்து தினம் ஒரு விசாரிப்பு: அக்கா ஏன் வரல? நான் உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். வீட்டுக்கு வந்து அவளிடம் பேசுங்கள் என்று. வந்தீர்கள், அதையும் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, மாட்டுங்கா ஸ்வீட் டப்பாவோடு. நாற்காலி நுனியில் உட்கார்ந்தீர்கள். அவள் உங்கள் முன்னால் ஒரு டம்ளர் டீயை வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

நீங்கள் என்னைப் பார்த்து இங்கிலீஷில் பேசினீர்கள். ரொம்ப அழகாகத்தான் பேசினீர்கள். யாரையாவது அஃபெண்ட் செய்திருந்தால் மிகவும் வருந்துகிறீர்களாம்.

“என்ன சொல்லுதாவ?” என்று இசக்கி கேட்டாள். சொன்னேன்.

“யாருக்காவதுன்னா யாருக்கு? இங்க நாந்தான நிக்கேன்.”

நீங்கள் மறுபடி தொடங்கினீர்கள், இந்த முறை தமிழில். அப்படி நினைத்துச் செய்யவில்லை, பையரின் மனநிலையை யோசித்துத்தான் செய்தேன் என்று என்னென்னவோ. அவள் நடுவில் கையைக் காட்டினாள்.

“மன்னிப்பு கின்னிப்பெல்லாம் இருக்கட்டும். அந்த டீயக் குடிக்கச் சொல்லுங்க. போதும்.”

அவ்வளவுதான் சார், அவள் கேட்டது. ஒரு டம்ளர் டீ. அதைக் குடித்திருந்தால் மறுநாள் காலையில் அவள் படியேறியிருப்பாள், நீங்களும் கடைசிவரை என் கூட்டாளியாக இருந்திருப்பீர்கள். நீங்கள் டம்ளரைப் பார்த்தீர்கள். வாட்சைப் பார்த்தீர்கள். “வயிறு கொஞ்சம் சரியில்லம்மா” என்றீர்கள். அதற்குப் பிறகு மழையைப் பற்றிப் பேசினீர்கள், சுனாபட்டியில் ரயில் நின்றுபோனதைப் பற்றிப் பேசினீர்கள். டீயின்மேல் ஆடை கட்டியது. எழுந்து போனீர்கள்.

அவள் வந்து அந்த டம்ளரை எடுத்தாள். ஆறின டீயை, ஆடையோடு, நின்றபடியே குடித்து முடித்தாள். “சீனி சரியாத்தான் இருக்கு” என்றாள்.

கூட்டைப் பிரித்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னபோது, “ஒரு டம்ளர் டீக்காகவா?” என்று கேட்டீர்களே. ஆமாம், அதற்காகத்தான். நீங்கள் போகும்போது பையர்களில் பாதிப் பேர் உங்களோடு போனார்கள். பதிலுக்கு விட்டுப்போனது இந்த பிளாஸ்க் மட்டும்.

அதன்பிறகு இங்கிலீஷை நானே படித்தேன். செம்பூரில் ஒரு டீச்சரம்மா சாயங்காலம் சொல்லிக்கொடுத்தார். நான் முதலில் கேட்ட வார்த்தை எது என்று நினைக்கிறீர்கள்? சிரித்துவிட்டு டிக்‌ஷனரியைத் திறந்து வைத்துச் சொன்னார். மனதைப் புண்படுத்துவது ஒன்று. கண்ணுக்கும் மூக்குக்கும் சகிக்காமல் இருப்பது ஒன்று. இதுவரை உங்களிடம் கேட்டதுதான். சட்டத்தை மீறிக் குற்றம் செய்வதற்கும் அதே வார்த்தைதான் என்றார் அடுத்தபடியாக. கோர்ட்டில் நிற்கிறவன் அஃபெண்டராம். இந்த அர்த்தத்தை மட்டும் நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லை.

இன்னொன்றையும் கேட்டேன். அஃபெண்ட் ஆவதற்குப் பெரிய மனிதராக இருக்க வேண்டுமா என்று. டீச்சரம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. யார் வேண்டுமானாலும் ஆகலாமே, இதற்கு என்ன தகுதி என்றார். உங்களிடம் அந்த வார்த்தை எப்போதும் மேலே இருப்பவனை மட்டுமே தேடிப் போகும். தோல் வெட்டுகிறவனுக்கும், டீ கொண்டுவருகிறவளுக்கும் அது பொருந்தும் என்று உங்களுக்குத் தோன்றியதே இல்லை.

போன வருடம் ஒரு டெல்லி பையர், வீடியோ காலில், என் கட்டிங் மாஸ்டர் பக்கத்தில் நிற்கும்போதே, இந்தப் பேட்டை ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிச் சிரித்தான். அன்றைக்கே மெயில் போட்டேன். நீ என் ஆளை அஃபெண்ட் செய்துவிட்டாய் என்று நேராக எழுதினேன். ‘யாரையாவது’ இல்லை, ‘செய்திருந்தால்’ இல்லை. ஆர்டர் போய்விட்டது. போகட்டும். உங்களிடமிருந்து எடுத்த வார்த்தையை நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

உங்கள் மகள் கேட்ட ஒரு பக்கம் இதுதான். புத்தகத்தில் போடுவதும் போடாததும் அவள் இஷ்டம். படித்து அவள் மனது கஷ்டப்படும், எனக்குத் தெரியும். கஷ்டப்பட்டிருந்தால் என்று எழுத மாட்டேன். கஷ்டப்படுத்துகிறேன் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

பிளாஸ்க்கையும் கொடுத்துவிடச் சொல்லிவிட்டாள் இசக்கி. வெந்நீர் ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வைத்தாள். உங்கள் காப்பி வாடை போயே போய்விட்டது. அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினவனை இன்று காலை வாசலில் நிறுத்தினாள்.

“அடுத்த வீட்டு ஏனத்த வெறுமனயா திருப்பிக் குடுப்பாவ?”

வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இஞ்சி தட்டுகிற சத்தம் கேட்டது. இந்தக் கடைசி வரியை எழுதும்போது பிளாஸ்க் என் மேஜைமேல் கனமாக நிற்கிறது, நீல மூடி இறுக மூடியபடி. மாட்டுங்கா ஒன்றும் தூரமில்லை, நடந்தே வருகிறேன். உங்கள் வீட்டில் குடிப்பார்களோ கொட்டுவார்களோ, அது அவர்கள் பாடு. நல்ல பிளாஸ்க் சார். இந்த முறை டீ ஆறாது.