எந்த ரோடு?

மதினி,

இன்று காலை கதவைத் திறந்ததும் பச்சை மண் வாடை முகத்தில் அடித்தது. வட்டவளைப் பக்கமெல்லாம் மூன்று நாளாக மழை விடவில்லை. மேட்டு லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறதாம். மலை சரிந்து உங்களை மண் மூடிய அன்றும் இதே வாடைதான்.

என் பேத்தி தர்ஷினியை நீங்கள் கைக்குழந்தையாகப் பார்த்ததுதான். இப்போது கம்ப்யூட்டரில் படம் வரைகிற வேலை அவளுக்கு. எந்த லயத்து ஆட்கள் எந்தப் பாதையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடவேண்டும் என்று போனில் பார்க்கிற மாதிரி தோட்டம் முழுவதையும் வரைந்துவிட்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குப் பெருமை தாங்கவில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது, "ஒத்தத் தேயிலச் செடியக்கூட விடல எம்பேத்தி!" என்று பீற்றிக்கொண்டேன். நீங்கள் இருந்திருந்தால், "ஆமா, ஒனக்குத்தான் பேத்தி பொறந்துச்சு, எங்களுக்கெல்லாம் பூனக்குட்டி" என்று வாரியிருப்பீர்கள்.

மேட்டு லயத்துக்கு அனுப்புமுன் நான்கு விதமாகத் திறந்து பார்த்தாள். கம்ப்யூட்டரில் கண் சிமிட்டுவதற்குள் வந்தது. அவள் போனில் ஒரு பிரவுசரில் நான் ஏழு எண்ணினேன். அதே போனில் இன்னொரு பிரவுசரில் இருபது. என் பழைய போனில், படம் பார்க்கிற ஆப்பில், அறுபது தாண்டியும் வட்டம்தான் சுற்றியது. மேட்டு லயத்தில் பாதிப் பேரிடம் இந்த மாதிரிப் போன்தான்.

"ஏன்டி, ஒரே படந்தானே?"

"போட்டோ இல்ல அம்மாயி, கோட்டுப் படம். ஒவ்வொரு கோட்டையும் போனே படிச்சுப் படிச்சு வரையணும். செடிதான் பாரம். நீங்கதானே ஒண்ணு விடாம போடச் சொன்னீங்க?"

"எல்லாத்தையும் புடுங்கிப் போடு" என்றேன். நாம் சேர்ந்து நிரை பிடித்துக் கொழுந்து பறித்த ஏழாம் நம்பர் மலையும் அதோடு போயிற்று. அடுத்த முறை என் போனிலேயே நான்கு எண்ணுவதற்குள் பாதைகள் வந்துவிட்டன.

பார்த்தால், மேட்டு லயத்திலிருந்து இறங்குகிற இரண்டு பாதைக்கும் 'ரோடு' என்றே எழுதியிருந்தாள். நம் ஆட்கள் வாயில் அப்படித்தானே வரும். நீங்கள் போன அன்று நான் சொன்னதும் அதே சொல்தான், மதினி. அன்று கீழே நின்று, "ரோட்டுக்கு ஓடியாங்க!" என்று கத்தினேன். "எந்த ரோட்டுக்குடி?" என்று கேட்டீர்கள். "அதான்!" என்றேன். நீங்கள் ஆற்றுப் பக்கம் இறங்கினீர்கள், மண்ணும் அந்தப் பக்கமே இறங்கியது.

"ஒண்ணு கோயில் ரோடு, ஒண்ணு ஆத்து ரோடுன்னு எழுது. ஆத்து ரோட்டுக்குக் குறுக்கே செவப்புல அடி" என்றேன். அப்படியே அனுப்பினாள்.

மத்தியானத்துக்குள் மேட்டு லயமே கோயில் ரோட்டால் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. பேர் சொல்லி எண்ணினேன். ஒருத்தர் குறையவில்லை. மண் இன்னும் சரியவில்லை, சரியாமலே போகட்டும்.

நனைந்து நின்ற ஒருத்தி, "அக்கா, கக்கூஸ் எந்தப் பக்கம்?" என்றாள். 'அதான்' நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, அவள் கையைப் பிடித்து வாசல் வரை கூட்டிக்கொண்டுபோய் விட்டேன்.