பெட்டியோடு வந்தவருக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

அன்புள்ள என்று எழுதிவிட்டேன். நீங்கள் உயிரோடு இருந்தபோது இந்த வார்த்தை என் வாயிலும் வந்ததில்லை, கையிலும் வந்ததில்லை. நீங்கள் போய் இரண்டு வருஷம் கழித்து வருகிறது. வந்தவரைக்கும் சரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சேதி. எனக்குப் பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. இன்றைக்கு இருபத்திரண்டு நாள். நிறம் பெற்றவள் ஷைனி, மூக்கு என் அம்மா. காது மட்டும் உங்களுடையது, முறம் மாதிரி. பாவம், பெண் பிள்ளைக்கு இந்தச் சொத்தையா விட்டுப் போக வேண்டும்?

அந்தக் காதைப் பற்றித்தான் பேச வந்தேன். அது மட்டும் அன்றைக்கு ஒழுங்காகக் கேட்டிருந்தால் நான் பிறந்த கதை ஊருக்கே சிரிப்பாக ஆகியிருக்காது.

நீங்கள் ஒரு நாளும் அந்தக் கதையை என்னிடம் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் அம்மாவின் தம்பி செல்லன் மாமாதான். கல்யாண வீடு, பால்காய்ச்சு வீடு, கிறிஸ்துமஸ் சாப்பாடு, எங்கே நாலு பேர் வயிறு நிறைந்து உட்கார்ந்தாலும் மாமா ஆரம்பித்துவிடுவார். அம்மா நெய்யாற்றின்கரையில் ஆஸ்பத்திரியில் வலியோடு கிடக்கிறாள். நீங்கள் ஆரியங்கோட்டில் மலைச்சரிவில் ரப்பர் வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மாமா சைக்கிளில் வந்து கீழே ரோட்டில் நின்று மேலே பார்த்துக் கத்துகிறார்.

"அத்தானே! பிள்ள மறிஞ்சு கெடக்கு! வேகம் வாரும்!"

மறிஞ்சு என்றால் புரண்டு, தலைமாறி. வயிற்றில் பிள்ளை தலைகீழாக வராமல் இடுப்பு கீழாக இருக்கிறது என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். உங்கள் முறக்காதில் விழுந்தது மரிச்சு. பிள்ளை மரிச்சு கெடக்கு. செத்துக் கிடக்கிறது. பாதித் தமிழும் பாதி மலையாளமும் பேசும் நம் ஊரில்தான் ஒருவனுக்கு இப்படிக் காது தவற முடியும். மாமா பதிலுக்கு நிற்கவில்லை, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நீங்களும் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் வாயா தேய்ந்துவிடும்?

நேரே ஆசாரியிடம் போனீர்கள். பிள்ளைக்கு ஒரு பெட்டி செய்யச் சொல்லி, செய்து முடியும்வரை பக்கத்திலேயே நின்று, அதைத் தலையில் வைத்துக்கொண்டு நெய்யாற்றின்கரைக்கு நடந்து வந்தீர்கள். வார்டுக்குள் நுழைந்தபோது நான் அம்மாவிடம் பால் குடித்துக்கொண்டிருந்தேன். பெற்றுக் கிடந்த பெண்கள் எல்லாரும் அலறினார்கள். அம்மாவைப் பெற்ற தாத்தா எழுந்து வந்து, "பிள்ள பெறந்த எடத்துக்கு சவப்பெட்டியோடயா வே வாறது? வெளிய போவும்!" என்று விரட்டினார். நீங்கள் திரும்பிப் போய்விட்டீர்கள்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. திரும்பும் வழியில்தான் மாமா கதையின் உச்சம். சின்னப் பெட்டியைத் தலையில் வைத்துப் போகும் ஆளைப் பார்த்து ரோட்டில் எல்லாரும் எழுந்து நின்றார்களாம். பெருங்கடவிளைச் சந்தையில் ஒரு உபதேசியார் உங்களை நிறுத்தி, பெட்டிமேல் கை வைத்து நீளமாக ஜெபம் பண்ணினாராம். உள்ளே ஒன்றும் இல்லை ஐயா, என் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று சொல்ல உங்களுக்கு நாக்கு எழும்பவில்லை. கண்ணை மூடி நின்று ஆமென் சொல்லிவிட்டு நடந்தீர்கள். இந்த இடத்தில் மாமா எழுந்து நின்று உங்களைப் போலவே கண்ணை மூடிக் காட்டுவார். பந்தியே உருளும். நீங்களும் ஓரமாக நின்று லேசாகச் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பைத்தான் அப்பா என்னால் பொறுக்க முடியாது.

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பேரே பெட்டி. ஒரு புது டீச்சர், அப்பா பெட்டிக்கடையா வைத்திருக்கிறார் என்று கேட்டாள். வகுப்பு சிரித்த சிரிப்பு இன்றைக்கும் காதில் இருக்கிறது. ஊருக்குள் நடந்தால், "லே, பெட்டிக்காரன் மவன் போறான்" என்பார்கள். நான் தமிழ் வாத்தியார் ஆனதே உங்களால்தான் என்று நினைக்கிறேன். பாறசாலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வல்லின றகரமும் இடையின ரகரமும் வேறு வேறு என்று பத்து வருஷமாகத் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுக்கிறேன். மறி வேறு, மரி வேறு. திங்கட்கிழமைதோறும் சொல்வதெழுதுதல். தப்பாக எழுதும் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் முகம்தான் தெரியும்.

உங்களைப் போல ஆகக்கூடாது என்று வைராக்கியம் வைத்திருந்தேன். ஷைனிக்கு மாசமானதும் புத்தகம் வாங்கிப் படித்தேன். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கூடவே போனேன். டாக்டரிடம் நான் கேட்ட கேள்விகளில் டாக்டரே களைத்துப்போனார். "நிங்கள் ஸ்கூள் சாராணோ? எனிக்குப் பரீட்ச வைக்குவாணோ?" என்று கேட்டார். ஷைனி தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. காலை பத்து மணி இருக்கும். பிரசவ அறைக்கு வெளியே என்னைப் போல நாலைந்து ஆண்கள். ஒருவன் போனில் கிரிக்கெட் பார்க்கிறான். ஒருவன் வாயைப் பிளந்து தூங்குகிறான். இன்னொருவன் தன் அம்மாவிடம் கேட்டுக் கேட்டுத்தான் நர்சுக்குப் பதில் சொல்கிறான், மனைவியின் ரத்தம் எந்த குரூப் என்றுகூடத் தெரியவில்லை. இதுகளெல்லாம் அப்பன் ஆகி என்னத்தைக் கிழிக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டு, ஃபைலை மடியில் வைத்து, முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அம்மா பக்கத்தில் இருந்து வேதபுத்தகத்தைத் திறக்காமல் கையில் வைத்திருந்தாள்.

நர்ஸ் வெளியே வந்தாள். "ஷைனியுடெ ஹஸ்பண்ட் ஆரா?"

எழுந்தேன்.

"குஞ்ஞு மறிஞ்ஞா கிடக்குந்நது. பெட்டெந்நு ஓப்பரேஷன் செய்யணும். இவிடெ ஒப்பிடு."

நான் தெளிவாகக் கேட்டேன் அப்பா. மறிஞ்ஞு. சந்தேகமே இல்லை. கடைசி ஸ்கேனில் தலை கீழேதான் இருந்தது, பிறகு எப்போதோ புரண்டிருக்கிறது. பெட்டெந்நு என்றால் சீக்கிரம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தச் சொல்லுக்குள் ஒரு பெட்டி இருப்பது அன்றைக்குத்தான் கேட்டது. கையெழுத்துப் போட்டேன். அம்மாவைப் பார்த்து, "ஒரு சாயா குடிச்சிட்டு வாறேன்" என்றேன். "இப்பளா மக்கா?" என்றாள் அம்மா. நான் படியிறங்கிவிட்டேன்.

சாயாக்கடையைத் தாண்டினேன். பைக்கை எடுத்தேன். எங்கே போகிறேன் என்று தெரியாமல் ஓட்டி, பூவாறில் படகுத்துறையில் போய் நின்றேன். அதற்கப்புறம் ரோடு இல்லை. இருந்திருந்தால் இன்னும் போயிருப்பேன். ஒரு படகுக்காரன் வந்து, "சாரே, போட்டிங் உண்டு, ஒத்தைக்கும் போலாம்" என்றான். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்தேன். போன் அடித்தது. அம்மா. எடுக்கவில்லை. திரும்ப அடித்தது. அணைத்து வைத்தேன்.

எடுத்தால் என்ன சொல்வார்களோ என்று பயம். அவ்வளவுதான். மூன்று மணி நேரம் அந்தக் கல்லில் இருந்தேன் அப்பா. ஜெபம்கூடப் பண்ணவில்லை. ரிசார்ட்டுக்குப் போகும் படகுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளை பிறந்து, துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து, "அச்சன் எவிடே?" என்று நர்ஸ் கேட்டபோது, முழங்கால் வலிக்காரி அம்மா எழுந்துபோய் வாங்கியிருக்கிறாள். கிரிக்கெட் பார்த்தவன்தான் மருந்துச்சீட்டோடு கீழேயும் மேலேயும் ஓடினானாம். வாயைப் பிளந்து தூங்கினவன் விழித்துத் தன் பிள்ளையைக் கையில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தான். ரத்த குரூப் தெரியாதவன் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன்கூட அப்பா!

அறைக்குள் போனேன். ஷைனி கண் திறந்து கிடந்தாள். உதடு காய்ந்திருந்தது. எங்கள் கல்யாணப் பந்தியில் மாமா சொன்ன பெட்டிக் கதையைக் கேட்டு அவள் மட்டும் சிரிக்காமல் உங்களைப் பார்த்தது உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கு அப்போது அது பிடிக்கவில்லை. இப்போது அவள் கோபப்படவில்லை, அழவும் இல்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"உங்கப்பாவுக்கு பிள்ள செத்துப் போச்சுன்னாக்கும் கேட்டுது. எண்ணாலும் வந்தாரு. உங்களுக்கு உசிரோட இருக்குன்னு கேட்டும் ஓடியாச்சு."

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முப்பத்துநாலு வருஷம் அந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். நானே சில தடவை நடித்தும் காட்டியிருக்கிறேன். வந்தார் என்ற ஒரு சொல் அதில் இருப்பது எனக்குத் தெரியவே இல்லை. இலக்கண வாத்தியார்! வினைமுற்றைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன்.

வீட்டுக்கு வந்தபிறகு ஒரு மத்தியானம் அம்மாவிடம் கேட்டேன், அன்றைக்கு அப்பா என் முகத்தையாவது பார்த்தாரா என்று. அம்மா பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்ன பாக்காம? வாசல்ல நிண்ணு பாத்துட்டே இருந்தாரு. ரெண்டு கையும் தலையில பெட்டிய புடிச்சிட்டு இருந்துது. தொட கை இல்ல. கண்ணுல வெள்ளம் எறங்குது, தொடைக்கவும் கை இல்ல. அதுக்குள்ள எங்கப்பா வெரட்டியாச்சு."

"கீழ வச்சிருக்கலாம்லா?"

"பிள்ள கெடக்குத எடத்துல அத வைக்கப்பிடாதுன்னு வைக்கல்ல. பிறவு எங்கிட்ட சொன்னாராக்கும்." பிள்ளையைத் திருப்பிப் போட்டுவிட்டு அவளே சொன்னாள். "ஆசாரி அளவு கேட்டப்பம் என்ன சொல்லத் தெரியும்? பெத்த பிள்ளைய கண்டதில்லியே. முழங்கைய காட்டி, இவ்வளவு இருக்கும், எண்ணாலும் கொஞ்சம் தாராளமா செய்யும், பிள்ளைக்கு ஞெருக்கம் வேண்டாம்னாராம்."

எனக்கு எழுந்து வெளியே போக வேண்டும்போல இருந்தது. இந்தத் தடவை போகவில்லை.

அப்பா, நீங்கள் போன அன்றைக்கு உங்கள் பெட்டியை நான் போனில்தான் சொல்லி வாங்கினேன். கடைக்காரன் நீளம் கேட்டான். உள்ளதில் ஒன்று அனுப்புங்கள் என்றேன். பள்ளியில் பரீட்சை நேரம், எனக்கு ஆயிரம் வேலை. உங்கள் கால் பலகையில் இடித்தது. அம்மா பார்த்தாள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி வைத்து மூடினோம். அதை நான் மறந்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

உங்களை ஏளனம் பண்ணியே வளர்ந்தவன் நான். காது கேளாதவர், வாய் பேசாதவர், ஊர் சிரிக்கக் கூடச் சிரித்தவர். சரி, உங்களுக்குக் கேட்டது தப்பு. எனக்குக் கேட்டது சரி. சரியாகக் கேட்டு நான் என்ன பண்ணினேன்? செத்த பிள்ளையையும் வீட்டுக்குக் கூட்டிவர ஒரு மனுஷன் நடந்து வந்திருக்கிறார். உயிருள்ள பிள்ளையைக் காண நிற்காமல் இன்னொருவன் படியிறங்கி ஓடியிருக்கிறான். உபதேசியார் ஜெபம் பண்ணும்போது நீங்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இப்போதும் எனக்குத் தெரியாது. அந்த ஜெபம் என் பிள்ளைக்குத்தானே என்று நினைத்து நின்றீர்களோ?

நேற்று மச்சிலிருந்து, அன்றைக்கு எனக்குச் செய்த அந்தச் சின்னப் பெட்டியை இறக்கினேன். உங்கள் ரப்பர்க் கத்திகளும் ஆணிகளும் அதில்தான் இன்னும் கிடக்கின்றன. எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு என் முழங்கையை உள்ளே வைத்துப் பார்த்தேன். மேலேயும் கீழேயும் இடம் இருந்தது. அம்மா பார்த்துவிட்டு, பச்சைப்பிள்ளை இருக்கும் வீட்டில் இதை ஏன் இறக்கினாய் என்று கத்தினாள். ஷைனி அன்றைக்குப் பிறகு முதல் தடவையாகப் பிள்ளையைத் தூக்கி என் கையில் தந்தாள். கனம் குறைவுதான். ஆனால் இரண்டு கையும் வேண்டும் அப்பா, ஒன்று போதாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். சபையார் வருவார்கள், சாப்பாடு உண்டு. செல்லன் மாமா ஏப்பம் விட்டு, தொண்டையைச் செருமி, கதையை ஆரம்பிப்பார். அந்த இடத்தில் நான் எழுந்திருப்பேன். கதையை நானே சொல்வேன், உங்கள் கதையை முழுசாக, முழங்கை அளவோடு. அதோடு நிறுத்த மாட்டேன். பூவாறு படகுத்துறையையும் சொல்வேன், போனை அணைத்ததையும் சொல்வேன். சிரிக்கட்டும். இனிமேல் இந்தக் குடும்பத்துப் பந்தியில் சிரிக்க வேண்டியது என்னைப் பார்த்துத்தான். நான் ஓரமாக நின்று சிரிக்கமாட்டேன், அந்தப் பெரிய மனசு எனக்கு இல்லை. ஆனால் ஓடமாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
பெட்டிக்காரன் மவன்