கடைசிப் பெட்டியின் ஸ்டிக்கர்

ஜூன் 3, செவ்வாய்

இன்று வந்த திருத்தத்தைச் சேர்க்காததற்குக் காரணம் இருக்கிறது. முன்பின் தெரியாதவன் சும்மா உதவி செய்யமாட்டான்.

என் கம்ப்யூட்டர் டூல் சின்னது. கருப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் எங்கள் பனியன் கம்பெனியின் பேக்கிங் லிஸ்ட்டைப் படித்து, பெட்டிக்குப் பெட்டி ஸ்டிக்கர் அடித்துத் தரும். அதன் புரோகிராமை நெட்டில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறேன், யாரும் திருத்தம் அனுப்பலாம். 'நீலப்பெட்டி' என்று எவனோ ஒரு மாதமாகத் திருத்தம் அனுப்புகிறான். இன்று வந்தது கடைசிப் பெட்டிக்கு. மிச்சம் விழும் சைஸ்களை ஒன்றாகப் போட்டால், அத்தனை சைஸையும் ஸ்டிக்கரில் காட்டுமாம். கூடவே ஒரு கேள்வி: "புது வெர்ஷன் வெளியிடும் உரிமை எனக்கும் தரலாமா?"

ஓஹோ. அதுக்குத்தானா இவ்வளவும். உரிமை கிடைத்தால் டூலுக்குள் எதை வேண்டுமானாலும் நுழைத்துவிடலாமே.

ஜூன் 4, புதன்

அவன் அனுப்பியது நாற்பது வரி. மூன்று முறை படித்தேன். தப்பே இல்லை. அதுதான் உறுத்துகிறது.

ஜூன் 6, வெள்ளி

மிச்சத்தை ஒரே பெட்டியில் கட்டி, ஸ்டிக்கர் மேல் பேனாவால் சைஸ் எழுதுவது எங்கள் கம்பெனிப் பழக்கம். எந்த ஃபைலிலும் இல்லை. அவனுக்கு எப்படித் தெரியும்?

அனுப்பிய நேரங்களைப் பார்த்தேன். காலை பதினொன்று, மாலை நாலு. எங்கள் டீ நேரம்.

உள்ளே இருக்கிறவன்தான். பிரதீப் அண்ணனா? நான் வருவதற்கு முன் ஸ்டிக்கரெல்லாம் அவர் எக்ஸலில் அடித்தது. ஸ்டிக்கர் தப்பானால் நான் வெளியே — வேலைக்குச் சேர்த்த அன்றே மேனேஜர் சண்முகவேல் சொல்லிவிட்டார். காலேஜைப் பாதியில் விட்டவனுக்கு வேறு எவன் வேலை தருவான்?

ஜூன் 9, திங்கள்

டீக்கடையில் பிரதீப் அண்ணனிடம் நேராகவே கேட்டேன். "நீலப்பெட்டி யாருங்கண்ணா?"

"எந்தப் பெட்டி கண்ணு? பிஸ்கட் பெட்டியா?"

சிரிக்கிறார். நடிப்பா?

திருத்தத்தை நிராகரித்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

சரக்கு வாங்கும் புது பையரின் இன்ஸ்பெக்‌ஷன். பேனா எழுத்து செல்லாதாம், ஸ்கேன் மட்டும்தானாம். ஸ்கேனில் 'எம்'. பெட்டியைப் பிரித்தால் எம், எல், எக்ஸெல் மூன்றும். பதினாலு கலர், பதினாலு கடைசிப் பெட்டி, அத்தனையும் ரிஜெக்ட். சண்முகவேல் சார் என்னைப் பார்த்த பார்வை —

"அவருக்குத் திருத்தம் வந்துச்சுங்க சார். இன்னும் சேர்க்கலீங்க." சொன்னது பேக்கிங்கில் வேலை செய்யும் அல்ஃபியா. இத்தனை நாளில் நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"உனக்கெப்படித் தெரியும்?" என்றேன்.

"நாந்தானுங்க அனுப்புனேன். பேக்கிங் புள்ளன்னா சிரிப்பீங்கன்னு பேர மாத்துனேன். அப்பவும் சேர்க்கலியே நீங்க."

சார் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு மணிக்கு லாரி. அதுக்குள்ள ஸ்டிக்கர் மாத்தி முடிஞ்சா ரெண்டு பேரும் நாளைக்கு வேலைக்கு வாங்க."

திருத்தத்தைச் சேர்த்தேன். வெளியிடும் உரிமையையும் கொடுத்தேன். கொடுக்கும் முன் நாலாவது முறையாகப் படித்தேன், பழக்கம் விடவில்லை. அவள் பின்னால் நின்று, "பாம் எதும் இருக்குதுங்களா?" என்றாள்.

பிரிண்டர் ஓடுகிறது. பதினாலில் ஒன்பது வந்துவிட்டது. ஒட்ட ஆள் இல்லையென்று கத்துகிறாள். போகணும்.