வெறும் மாவு

மார்ச் 4

அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. அத்தானின் கால் பெருவிரல் மறுபடியும் வீங்கிச் சிவந்திருக்கிறது. யூரிக் அமிலம். டாக்டர் தந்த கோல்சிசின் மாத்திரையைத் தினம் ஒன்று விழுங்குகிறார், மூஞ்சியைச் சுளித்துக்கொண்டே. அது கெமிக்கலாம். இப்போது எவனோ ஒரு பவுடர் பண்டிதனிடம் கிழங்குப் பொடி வாங்கி வைத்திருக்கிறார். டப்பா மேலே கொட்டை எழுத்தில் 'ரசாயனம் அற்றது'. ரசாயனம் இல்லாத பொருள் உலகத்தில் உண்டா? காலி டப்பா விற்றால்கூட உள்ளே காற்று இருக்குமே! எட்டிக்கொட்டையும் இயற்கைதான், பண்டிதன் ரெண்டு தின்று காட்டட்டும். நித்தியகல்யாணி இலையிலிருந்து ரத்தப் புற்றுநோய்க்கே மருந்து எடுக்கிறார்கள் – பிரித்து, சுத்தம் செய்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து. இவன் அளப்பதெல்லாம் வாயால்தான்.

அத்தான் இன்னும் பொடியைத் தொடவில்லை. பயம். லேபில் பார்த்துச் சொல்லேன் என்றார். பன்னிரண்டு வருஷம் மருந்துச் சோதனைக்கூடத்தில் குப்பை கொட்டியவளுக்கு இது ஒரு வேலையா என்று கேட்டுவிட்டு, பொட்டலம் கட்டி வாங்கி வந்தேன்.

மார்ச் 6

பொடியை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்தேன். செடி கொடியில் விஷம் என்றால் பெரும்பாலும் ஆல்கலாய்டுதான், ஆல்கலாய்டு என்றால் காரம். அமிலத்தோடு சேர்ந்து உப்பாகித் தண்ணீரில் இறங்கிவிடும். குளோரோஃபார்ம் ஊற்றிக் குலுக்கி, எண்ணெய்ப்பசை, நிறம் எல்லாவற்றையும் பிரித்துக் கொட்டினேன். மிச்சத் தண்ணீரில் அமோனியா விட்டு வழக்கம்போல் எடுத்துப் பார்த்தேன். ஆல்கலாய்டு இருந்தால் சோதனைத் திரவம் பட்டதும் ஆரஞ்சு நிறத்தில் படியும். ஒன்றும் படியவில்லை.

பண்டிதனுக்கு ஒழுங்காக விஷம் விற்கக்கூடத் துப்பில்லை.

மார்ச் 7

அத்தானுக்குப் போன் செய்தேன். "வெறும் மாவு அத்தான். கரண்டி கரண்டியா தின்னாலும் ஒண்ணும் ஆகாது. மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க." பண்டிதனைப் பற்றி இன்னும் நாலு வார்த்தை சொன்னேன். அக்காவும் பக்கத்தில் இருந்து கேட்டுச் சிரித்தாள்.

மார்ச் 12

அத்தான் ஆஸ்பத்திரியில். ரெண்டு நாளாக வாந்தி, வயிற்றுப்போக்கு. கண்டதையும் தின்றிருப்பார். வாயைக் கட்டத் தெரியாத மனுஷன்.

மார்ச் 13

கோல்சிசின் மாத்திரையை அதிகமாக விழுங்கினாரா என்று டாக்டர் கேட்டார். இல்லை, தினம் ஒன்றுதான், கூடவே காலையும் மாலையும் ஒரு கரண்டி பொடி என்றாள் அக்கா. "அதுல ஒண்ணும் இல்ல டாக்டர். இவ டெஸ்ட் பண்ணிட்டா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோல்சிசினே ஒரு கிழங்கிலிருந்து வருவதுதானே! பேருக்குத்தான் அது ஆல்கலாய்டு, காரக்குணம் கிடையாது. அமிலத்தோடு சேராமல் குளோரோஃபார்மோடு போய்விடும். எண்ணெய்ப்பசை என்று நான் கொட்டினேனே, அதில்தான் இருந்திருக்கிறது எல்லாம். கல்லூரியில் படித்த பாடம். மூட்டு வீக்கத்துக்குக் கிழங்கு என்றதுமே தோன்றியிருக்க வேண்டாமா? எப்படித் தோணும்? மாவுன்னு முடிவு கட்டிட்டுத்தானே குடுவையையே கையில எடுத்தேன்.

டாக்டரிடம் அங்கேயே சொன்னேன். அக்கா முன்னால்.

மார்ச் 14

மிச்சப் பொடியையும் அத்தானின் மாத்திரையையும் கரைத்து ஒரே தகட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றினேன். ரெண்டு புள்ளியும் ஒரே உயரத்தில் வந்து நின்றன, ரெண்டும் ஒரே சரக்குதான். படமெடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். அந்தப் பண்டிதனாவது என்ன விற்கிறோம் என்று தெரியாமல் விற்றான். நான் படிச்சவ. தூ.

மார்ச் 17

பிழைத்துக்கொண்டார்.

மார்ச் 30

அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தானுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. என்மேல் ஒரு கோபமும் இல்லை அவருக்கு, உட்கார் என்றார். அக்கா டீ போட்டுக் கொடுத்தாள். அவள் கையில் சீப்பு.

"திரும்ப வளருமாடி?"

"வளரும்க்கா. இந்த விஷம் அப்படித்தான் பண்ணும். ரெண்டு மூணு மாசத்துல வந்துடும்."

தலையாட்டினாள். சீப்பிலிருந்த முடியைச் சுருட்டி எடுத்தாள். அப்புறம் அத்தான் பக்கம் திரும்பி, "எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாங்க" என்றாள்.