கரடிக்கு இங்கிலீஷ்காரன் வைத்த பேர்

மேல்பட்டு,
ஜவ்வாது மலை,
10-7-1978

தங்கை மங்கம்மாளுக்கு அண்ணன் அருணகிரி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணியும் மாடு கன்றுகளும் சௌக்கியம். சந்தவாசலில் நீயும் மச்சான் ரங்கசாமியும் அம்சவல்லியும் சௌக்கியமாக இருக்கவேண்டும். கோபமாக இருந்தாலும் முதலில் எழுதவேண்டியதை முதலில் எழுதிவிட்டேன்.

மழை இந்த வருஷம் குறை வைக்கவில்லை. சாமை விதைத்தாகிவிட்டது. பலா மரங்களில் அடியிலிருந்து உச்சிவரை காய். சிவப்புப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. மனசுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது, உன் விஷயம் ஒன்றைத் தவிர.

போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் அம்சவல்லிக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தீர்கள். நான் நிலத்தில் இருந்தேன். உன் அண்ணி உங்களைத் தூரத்தில் கண்டதும் உலையில் இரண்டு கை அரிசி கூடப் போட்டாள். நீங்களோ நேராக அர்ச்சுனன் வீட்டுக்குப் போய்விட்டு, அப்படியே பஸ் ஏறிவிட்டீர்கள். அண்ணன் வீட்டு வாசல் வழியாகவே போயும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. அந்தச் சோற்றை அன்று ராத்திரியும் மறுநாள் காலையும் நாங்கள் தின்றோம். அது எனக்கு இறங்கவில்லை என்று மட்டும் எழுதுகிறேன்.

நடந்ததை அர்ச்சுனனின் தாய் கெங்கம்மாள் அழுதுகொண்டே வந்து சொன்னாள். உச்சி வெயிலில் பையன் புளியமரத்தடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தானாம். மச்சான் செருமிச் செருமிப் பார்த்தாராம். அவன் புரண்டு படுத்தானாம். நீ உடனே, 'பட்டப்பகல்ல கொறட்டை வுட்டுனு படுத்துனு கீறான், இந்த சோம்பேறிக்கா எம் பொண்ணு?' என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டாயாம். கெங்கம்மாள், 'ராவெல்லாம் கரடிம்மா' என்று சொல்ல வந்திருக்கிறாள். மச்சான் அதற்கும் சிரித்தாராம்.

நீ இந்த மலையில் பிறந்தவள். நம் அப்பா காவலுக்குப் போனது உனக்குத் தெரியும். ஆனால் அப்போது வீட்டுக்கு ஒரு ஆள் முறை வைத்துக் காவல் காத்தார்கள். ஒருநாள் விழித்தவன் மறுநாள் தூங்கிக்கொண்டான். அதனால் பகலில் தூங்குகிறவனை நீ பார்த்ததில்லை. இப்போது இளவட்டங்கள் பாதிப்பேர் ரோடு வேலைக்கும் மர வேலைக்கும் கீழே போய்விட்டார்கள். இந்தப் பக்கத்துப் பலா முழுவதையும் ராத்திரியெல்லாம் பரண்மேல் உட்கார்ந்து கரடியிடமிருந்து காப்பவன் அர்ச்சுனன் ஒருவன்தான். என் மரத்தையும் சேர்த்துத்தான். நீ தின்னாமல் போன பழம் அவன் காத்த பழம்.

இதை எழுதும்போது எனக்கு அந்தக் கரடி விஷயம் ஞாபகம் வருகிறது. வளவள என்று எழுதுகிறேன் என்பாய். பரவாயில்லை.

போன மாதம் திருப்பத்தூர் காலேஜ் வாத்தியார் ஒருவர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலைக்கு வந்திருந்தார். கரடி புற்றைத் தோண்டிய இடத்தைக் காட்டினேன். இங்கிலீஷில் இதற்கு 'ஸ்லாத் பேர்' என்று பேர் என்றார். வீட்டுக்கு வந்து என் அகராதியை எடுத்தேன். திருப்பத்தூர் சந்தையில் பழைய புத்தகமாக வாங்கினேனே, அதுதான். முன்பக்கங்கள் கிழிந்துபோனதால் எனக்கு 'பி' எழுத்திலிருந்துதான் இங்கிலீஷ் தெரியும். 'ஸ்லாத்' என்றால் சோம்பல் என்று போட்டிருந்தது. எனக்கு வந்ததே ஆத்திரம். கல்லு மாதிரி இறுகிய புற்றை ஒரே மூச்சில் பிளக்கிற மிருகம். பலாவின் உச்சிக்கு ஏறுகிற மிருகம். அதற்குச் சோம்பேறி என்றா பேர்? மறுநாள் விடிந்ததும் அவர்கள் தங்கியிருந்த பங்களாவுக்கே போய்ச் சண்டை பிடித்தேன்.

வாத்தியார் நல்ல மனிதர். உட்காரவைத்து டீ கொடுத்துச் சொன்னார். சுமார் இருநூறு வருஷத்துக்கு முன்னால் லண்டனில் ஒரு படித்தவர் இதன் நகத்தையும் பல்லையும் பார்த்தாராம். நகம் கொக்கி மாதிரி நீளம். மேல்வரிசையில் முன்பல் இரண்டு இல்லை. கறையானை உறிஞ்சத் தோதாக அப்படி இருக்கிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தென் அமெரிக்காவில் மரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நாளெல்லாம் அசையாமல் கிடக்கிற ஒரு பிராணி இருக்கிறதாம். அதன் பேரே சோம்பல் என்பதுதானாம். அதற்கும் நகம் நீளமாம். இதுவும் அந்தச் சாதிதான் என்று எழுதிவைத்துவிட்டார். இருபது வருஷம் கழித்து உயிரோடு ஒன்று பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தபோதுதான் இது கரடி என்று கண்டுகொண்டார்களாம்.

தப்பு என்று தெரிந்த பிறகு பேரை மாற்றினார்களா என்று கேட்டேன். கரடி என்பதைச் சேர்த்தார்களாம், சோம்பலை எடுக்கவில்லையாம். சோம்பல் கரடி. இன்றைக்கும் உலகம் பூராவும் அதுதான் பேர் என்றார்.

மங்கம்மா, எனக்கு அந்த லண்டன்காரர் மேல் கோபம் இல்லை. அவர் பார்த்தது நகமும் பல்லும்தான். பிறகு முழுசாகப் பார்த்தும் மாற்றாமல் விட்டார்களே, அவர்கள் மேல்தான் கோபம். நீ பார்த்தது ஒரு பகல் தூக்கம். இன்னும் முழுசாகப் பார்க்கவில்லை. அதனால் உன்மேல் முழுக் கோபம் இல்லை.

பதில் போடு. மச்சானை விசாரித்ததாகச் சொல்.

உன் அண்ணன்
அருணகிரி


மேல்பட்டு,
28-7-1978

அன்புள்ள மங்கம்மாவுக்கு,

உன் பதில் சந்தை நாளில் வந்தது. எழுத்து அம்சவல்லியுடையது, வார்த்தை உன்னுடையது. 'அண்ணன் எதையும் சுத்தி வளைச்சுத்தான் பேசும். கரடிக்கும் மாப்பிள்ளைக்கும் இன்னா சம்பந்தம்?' என்று அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறாய். அவளும் ஓர் எழுத்து விடாமல் எழுதியிருக்கிறாள். கெட்டிக்காரி.

செங்கத்திலிருந்து மண்டியில் கணக்கு எழுதுகிற பையன் ஒருவன் வந்திருப்பதாக எழுதியிருக்கிறாய். நல்ல பையனாகவே இருக்கட்டும். நான் அவனைக் குறை சொல்லமாட்டேன், பார்த்ததில்லை. பார்க்காமல் பேர் வைக்கிற பழக்கம் நம் குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் போதும்.

ஆனால் ஒன்று எனக்குப் பொறுக்கவில்லை. சந்தவாசலில் நம் சனங்கள் நடுவில் மச்சான் 'தூங்குமூஞ்சி மாப்பிள்ளை' என்று சொல்லிச் சிரிக்க, அது பஸ்ஸில் ஏறி இங்கே வந்துசேர்ந்துவிட்டது. நேற்று ஓடைக்கரையில் ஒரு பொடியன் அவனை அப்படிக் கூப்பிட்டான். அர்ச்சுனன் சிரித்துவிட்டுப் போனான். பேர் ஒட்டிக்கொண்டால் அவன் பேரப்பிள்ளை காலம் வரை போகாது. ஒட்டவைத்தவர்களே வந்து உரித்தால்தான் உண்டு.

ஆகையால் இப்படிச் செய். இந்த முறை மத்தியானம் வராதே. பொழுது சாய வா. மச்சானும் வரட்டும். ஒரு ராத்திரி அவன் கூடப் பரணில் உட்கார்ந்து பார்க்கட்டும். பிறகு வேண்டாம் என்றால் வேண்டாம். அதற்குமேல் நான் வாய் திறக்கமாட்டேன். ஆடி மாதம் சம்பந்தம் பேசக்கூடாது என்று எழுதியிருக்கிறாய். கீழே போன பிறகு ஆடி எல்லாம் பார்க்கிறாய், சந்தோஷம். சம்பந்தம் பேசவேண்டாம், பலாப்பழம் தின்ன வா. கடைசிப் பழங்கள் இருக்கின்றன. அண்ணன் வீட்டில் பழம் தின்ன எந்த மாதமானால் என்ன? அம்சவல்லியையும் அழைத்து வா. அவள் பலாச்சுளைக்கு எப்படி அலைவாள் என்று எனக்குத் தெரியும்.

இந்தப் பத்தி அம்சவல்லிக்கு. கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில், 'மாமா, அர்ச்சுனன் கரடியை எப்படி விரட்டுவார்?' என்று கேட்டிருக்கிறாய். உன் அம்மாவுக்குத் தெரியாமல் எழுதியிருப்பாய். இதைச் சத்தமாகப் படிப்பதும் படிக்காததும் உன் இஷ்டம்.

அவன் வெடி போடுவதில்லை. தகரத்தைத் தட்டுவான். சத்தத்துக்கு நகராவிட்டால் பேசுவான். 'பெரியவரே, போதும் போங்க, மத்தவங்களுக்கும் வுடுங்க' என்பான். நானே காதால் கேட்டிருக்கிறேன். ஓடைக்கு அப்பால் இருக்கிற அவன் சொந்த மரத்தில் அடிப்பழத்தை மட்டும் காப்பதில்லை. கேட்டால், 'அதுக்கும் பசிக்குமில்ல மாமா' என்கிறான். இதுவரை கரடிக்கும் அடி இல்லை, அவனுக்கும் அடி இல்லை.

காட்டில் இருக்கும்போது நாம் கரடியின் பேரைச் சொல்லமாட்டோம், பெரியவர் என்றுதான் சொல்வோம் என்று உன் அம்மா சொல்லியிருப்பாள். இதை அந்த வாத்தியாரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு இன்னொரு விஷயம் சொன்னார். ஸ்லாத் போகட்டும், கரடிக்கு இங்கிலீஷில் 'பேர்' என்கிற வார்த்தை இருக்கிறதே, அதுவும் கரடியின் உண்மையான பேர் இல்லையாம். அந்தக் காலத்தில் வடக்கே குளிர்நாட்டில் இருந்தவர்கள் கரடியின் பேரை வாயால் சொல்லப் பயந்து, பழுப்பு நிறத்தான் என்று சாடையாகச் சொன்னார்களாம். அப்படிச் சொல்லிச் சொல்லி, பழைய பேர் அந்தப் பாஷையிலிருந்தே மறைந்துவிட்டதாம். படித்தவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்றார். எனக்கு அந்தக் குளிர்நாட்டார் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. லண்டன்காரர் பார்க்காமல் ஒரு பேர் வைத்தார். இவர்கள் நன்றாகப் பார்த்து, மரியாதை வைத்து, பேரை விட்டுவிட்டார்கள்.

சரி, சாமை முளைத்துவிட்டது. கன்றுக்குட்டி துள்ளுகிறது. உன் அண்ணி உனக்காகப் புளி உருட்டி வைத்திருக்கிறாள். அது சண்டையில் சேர்த்தி இல்லை, எப்படியும் தருவாள்.

அண்ணன்
அருணகிரி


மேல்பட்டு,
14-8-1978

அன்புத் தங்கை மங்கம்மாவுக்கும், என் மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கும்,

நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள். பஸ்ஸில் பலாப்பழத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு போனாயே, கை வலித்திருக்கும். இந்த முறை என் வீட்டில் நீ இரண்டு வேளை சாப்பிட்டாய். உன் அண்ணி பாத்திரம் கழுவும்போது பாடிக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாக நான் அந்தப் பாட்டைக் கேட்டதில்லை.

மச்சானுக்கு உடம்பு தேவலையா? கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நம்பி இதை எழுதுகிறேன். பரணிலிருந்து விடியலில் இறங்கியவர் புளியமரத்தடியில் தலை சாய்த்தார். உச்சி வெயில் வந்தும் எழவில்லை. அர்ச்சுனன் முகம் கழுவிக்கொண்டு வந்து, மாமாவுக்குச் சோறு ஆறுகிறதே என்று பக்கத்தில் நின்று செருமினான். மச்சான் புரண்டு படுத்தார். நீயும் பார்த்தாய். நீ முந்தானையால் வாயை மூடிக்கொண்டதை நானும் பார்த்தேன். ஊரில் யாரும் அவருக்குப் பேர் வைக்கவில்லை. வைக்க விடமாட்டேன். இங்கே இரண்டு பொடியன்கள் வாய் திறந்தார்கள், அதட்டிவிட்டேன்.

எழுந்தவர் என்ன சொன்னார் என்பதை உனக்கு அவர் சொல்லியிருக்கமாட்டார். என்னிடம் தனியாக, 'ஒரு ராவுக்கே இடுப்பு வுட்டுப்போச்சு, இந்தப் பையன் எப்டி தெனம் ஒக்காந்துனு கீறான்?' என்றார். பெரியவர் வந்தபோது அர்ச்சுனன் தகரத்தைத் தட்டச் சொன்னானாம். கையில் இருந்த குச்சியைக் கீழே போட்டுவிட்டேன் என்றும் அவரே சொன்னார். நேர்மையான மனிதர். என் தங்கையை நல்ல இடத்தில்தான் கொடுத்திருக்கிறோம்.

இவ்வளவு நடந்தும் நீ 'சரி' என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமலே பஸ் ஏறினாய். ஆடி முடியட்டும் என்றாய். செங்கத்துக்காரர்களுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்றாய். நீ பிடிவாதக்காரி. அது யாரிடமிருந்து வந்தது என்று உன் அண்ணி என்னைப் பார்த்துக் கேட்கிறாள். நான் உன்னை நெருக்கவில்லை. ஆனால் பஸ் கிளம்பும்போது நடந்த ஒன்றை நீ கவனித்தாயா என்று தெரியவில்லை. நீ பழத்துக்கு இடம் தேடிக்கொண்டிருந்தாய்.

அம்சவல்லி படியில் கால் வைத்தவள் திரும்பி, கெங்கம்மாளிடம், 'அத்தே, ராவுல ரொம்பக் குளுருது. அவங்கள கம்பளி எடுத்துனு போவச் சொல்லுங்க' என்றாள்.

கெங்கம்மாள் வெள்ளை மனசுக்காரி. 'யார?' என்று கேட்டாள்.

அம்சவல்லி தலையைக் குனிந்துகொண்டு, 'அவங்களத்தான்' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன் அண்ணியும் கெங்கம்மாளும் இதையே பேசிக்கொண்டு வந்தார்கள். போன கடிதத்தில் அந்தப் பொண்ணு அர்ச்சுனன் என்று பேர் எழுதியிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. உன் அண்ணியும் கல்யாணம் ஆன நாளிலிருந்து என் பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட மலையைக் கைகாட்டுவாள்.

மங்கம்மா, இந்தக் கடிதத்தை உனக்கு அம்சவல்லிதான் படித்துக்காட்டுவாள். இந்த இடத்தில் அவள் குரல் இறங்கினால் காரணம் கேட்காதே. முகத்தை மட்டும் பார். பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வா.

ஆவணி பிறக்கப் போகிறது. காய் முடிந்துவிட்டதால் அர்ச்சுனன் பரணிலிருந்து இறங்கிவிட்டான். சாமை கதிர் வாங்கும் வரை அவனுக்கு ராத்திரி வேலை இல்லை. இப்போது விடியலிலேயே எழுந்து கொல்லைக்கு வேலி அடைக்கிறான். கம்பளியை மட்டும் வெயிலில் தோளில் போட்டுக்கொண்டு திரிகிறான். கேட்டால் வேலி முள்ளை எடுக்கக் குனிந்துகொள்கிறான்.

அம்சவல்லிக்கு மாமாவின் ஆசீர்வாதம். நீ நல்லா இருப்பாய் தாயே. அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற வேலையை இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீ மேலே வந்து சேர். உன் அம்மாவை ஒரு வார்த்தை சொல்லச் சொல்.

வாசலைப் பார்த்தபடி,
உன் அண்ணன்
அருணகிரி