எது கேட்டாலும் Y

11 ஜூலை, செவ்வாய்
விடிந்ததிலிருந்து மேற்குக் காற்று, நடுநடுவே தூறல். மழைக்கோட்டு வாங்க வேண்டும். மூன்று வாரமாக இதையே எழுதுகிறேன்.

கருமத்தம்பட்டி ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன். "கம்ப்யூட்டர் செத்துப்போச்சுங்க தம்பி." ரிசப்ஷன் சரோஜாக்கா. காந்திபுரத்திலிருந்து மொபெட்டில் நனைந்துகொண்டே போனேன். துடைக்கும்போது மானிட்டரின் வெளிச்சத் திருகைக் கடைசிவரை திருப்பியிருக்கிறார். திருப்பி வைத்தேன். உயிர் வந்தது.

"கைராசிங்க உங்களுக்கு!" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

இந்த வாரத்துச் சாவுகள்:
மேட்டுப்பாளையம் பாக்கு மண்டி - ப்ளக் சொருகவில்லை.
சோமனூர் தறி ஆபீஸ் - "தானா டைப் அடிக்குதுங்க". கீபோர்டு மேல் டீ டம்ளர்.
க.பட்டி - மேற்படி.

கிளம்பும்போது பழனிசாமி என்று ஒரு நோயாளி வந்தார். ச.அக்கா பெயரையும் ஊரையும் அடித்தார். 'பீப்' என்று ஒரு கேள்வி வந்தது. படிக்கவே இல்லை. Y-ஐ அமுக்கிவிட்டு, "உக்காருங்க, கூப்புடறேன்" என்றார். மானிட்டர் ஓரத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிய காகிதம்: 'எது கேட்டாலும் Y. என்ஜினியர் தம்பி சொன்னது.'

நான் எப்போது சொன்னேன்? மழை வலுப்பதற்குள் வந்துவிட்டேன்.

12 ஜூலை, புதன்
ஞாபகம் வந்துவிட்டது. மே மாதம், ஒரே மத்தியானத்தில் நாலு ஃபோன். பேப்பர் தீர்ந்தது, தேதி கேட்கிறது, "நிச்சயமா" என்று கேட்கிறது. சோற்றில் கை வைத்த நேரம். "எது கேட்டாலும் Y அமுக்குங்கக்கா, இனி ஃபோன் பண்ணாதீங்க" என்று கத்தினேன். நானேதான்.

புரோகிராமும் நான் எழுதியதுதான். எடுத்துப் பார்த்தேன். பெயரும் ஊரும் ஒன்றாக இருந்தால், 'இது ஏற்கெனவே இருக்கிறது, பழையதன் மேல் எழுதலாமா' என்று ஆங்கிலத்தில் கேட்கும். Y என்றால் பழைய ஆள் போய்விடுவார். சோமனூரில் எத்தனை பழனிசாமி, எத்தனை தங்கமணி! அப்போது தோன்றவில்லை. நோயாளிகள் நம்பரை மறந்துவிடுவார்கள் என்று சாமர்த்தியமாகப் பெயரையே அடையாளமாக வைத்துக்கொண்டேன்.

இன்னொன்று. எந்த மருந்து ஆகாது என்ற இடம் காலியாக இருந்தால் சீட்டில் NIL என்று அச்சாகும். காலியாக விட்டால் அசிங்கமாக இருக்கிறது என்று நான்தான் வைத்தேன். 'தெரியாது' என்பதற்கும் NIL. 'ஒன்றும் இல்லை' என்பதற்கும் NIL.

முதலாளியிடம் சொன்னேன். "இப்ப வாயைத் தொறக்காதே. திங்கக்கெழமை டாக்டரு இன்னும் ரெண்டு மெசினுக்கு ஆர்டர் குடுக்கறாரு. சத்தமில்லாம சரி பண்ணிப்போடு."



13 ஜூலை, வியாழன்
காற்று. க.பட்டி சாலையில் புளியங்கிளை முறிந்து ஒரு மணி நேரம் போக்குவரத்து நின்றது.

டாக்டர் சென்னையில், நாளை மதியம் வருவார். சரி, பேக்கப் ஃபிளாப்பியிலிருந்து பழையதை எடுத்துவிடலாம். திங்கள் முதல் சனி வரை நாளுக்கு ஒன்றாக ஆறு கொடுத்திருந்தேன். கேட்டேன். ச.அக்கா பீரோவைத் திறந்து பெருமையாக எடுத்தார். ஐந்து ஃபிளாப்பி, பிரிக்காத கவரில், புத்தம் புதிதாக.

"எதுக்குங்க எல்லாத்தையும் கெடுக்கோணும்? திங்கக்கெழமை ஒண்ணையே தெனமும் போட்டுக்கறனுங்க. நல்லாத்தான் ஓடுது."

எல்லா நாளும் அந்த ஒன்றின் மேலேயே. அதிலும் அழிந்ததுதான் இருக்கிறது. இந்த அம்மாள் எதையும் வீணாக்காதவர். பழைய கவரைப் பிரித்து உள்பக்கம் எழுதுகிறவர்.

பழைய அட்டைகள்? முன்பு ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை, ஆகாத மருந்து சிவப்பு மையில். "கம்ப்யூட்டர் வந்துபோச்சில்லீங்க, பாய்லருக்குப் போட்டுட்டோம். ரெண்டு மாசம் சுடுதண்ணி காஞ்சுது."

ஊசி அறையில் அப்பாஸ் பாய். கம்பவுண்டர். அந்தச் சிவப்பு மை அவருடையது. பென்சிலின் ஆகாதவர்கள் யார் யார் என்று கேட்டேன். "எதுக்குங்க தம்பி?" "சும்மா, ஒரு சரிபார்ப்பு." இந்தப் பொய்யை ஏன் சொன்னேன்! திங்கட்கிழமை ஆர்டர் நாக்கைப் பிடித்துக்கொண்டது. நான் கோழை, வேறென்ன.

பாய் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல எழுதினேன். பதினோரு பேர்.

"பன்னெண்டுங்க. இன்னொரு பொண்ணு. சோமனூரு. அப்ப மொகமெல்லாம் வீங்கி, பொழைச்சதே பெருசு. பேருதான் வரமாட்டீங்குது."

"ஊசி போடறப்ப ஒவ்வொருத்தரையும் கேட்டுப்போடுங்க பாய்."

"முன்னாடியெல்லாம் கேட்டுட்டுத்தான் போடுவேன். இப்பத்தான் சீட்டுலயே வந்துருதே."

பதினோரு பேரையும் ஏற்றினேன். ஏழு பேருக்கு NIL என்றிருந்தது.

பன்னிரண்டாவது ஆள் நாளைக்கு ஞாபகம் வரலாம் என்றார். நாளை முதலாளி என்ன சொன்னாலும் சரி, டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்.

14 ஜூலை, வெள்ளி
மழையில்லை. மூட்டமாகவே இருக்கிறது.

பன்னிரண்டரைக்கு வந்து சேர்ந்தேன். டாக்டர் முன்னதாகவே வந்திருந்தார், உள்ளே ஓர் ஆபரேஷன். பாய் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டார். ஊசி அறையில் புது நர்ஸ், சின்னப்பெண். ஊசி போடுவதை நிறுத்தச் சொல்லலாம் என்று அந்தப் பக்கம் நடந்தேன். கதவருகே போவதற்குள் உள்ளே பாத்திரம் விழுந்த சத்தம்.

தங்கமணி, சோமனூர். காலில் சீழ்க்கட்டி. பென்சிலின் ஊசி போட்டதும் சரிந்துவிட்டாள். சீட்டில் NIL. "NIL-ன்னு இருந்துச்சுங்க சார், அதான் மொதல்ல கொஞ்சமா டெஸ்ட் டோஸ் போட்டுப் பாக்கலை" என்று நர்ஸ் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அந்தப் பெண்ணை அதட்ட எனக்கு என்ன யோக்கியதை?

ச.அக்கா சொன்னது: ஜூனில் வேறொரு தங்கமணி, அதே சோமனூர், முட்டி சிராய்ப்பு. Y.

டாக்டர் ஆபரேஷனைப் பாதியில் இன்னொருவரிடம் விட்டு ஓடி வந்தார். கதவைச் சாத்திவிட்டார்கள். ஆக்சிஜன் உருளை உள்ளே போயிற்று. பாய் தொப்பியைக் கூடக் கழற்றாமல் வந்து, கதவு இடுக்கில் பார்த்தார். "இந்தப் பொண்ணுதானுங்க தம்பி." பிறகு என் முகத்தைப் பார்த்தார். சரிபார்ப்பு என்று நான் சொன்னது எதற்கென்று அவருக்குப் புரிந்துவிட்டது.

அவள் புருஷன் தறி ஓட்டுகிறவர். சட்டையெல்லாம் பஞ்சு. "ஊசி ஆகாதுன்னு அவ சொல்லாம இருக்கமாட்டாளுங்களே" என்றார் எல்லோரிடமும். ச.அக்காதான் மெதுவாகச் சொன்னார். "சொன்னாங்க. எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுங்க, இனி நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லைன்னு நாந்தானுங்க..." மானிட்டரில் இருந்த காகிதத்தைப் பிய்த்துக் கையில் கசக்கி வைத்திருக்கிறார்.

மணி இரண்டு பத்து. வராந்தா பெஞ்ச். கதவு இன்னும் திறக்கவில்லை.

புருஷன் என்னிடம் வந்தார். "ஏனுங்க, கம்ப்யூட்டர் சாருங்களா? அவளுக்கு வேற என்னென்ன மருந்து ஆகாதுன்னு டாக்டர் கேக்கறாருங்க. எனக்குப் பேரெல்லாம் தெரியாதுங்க. அதுல பாத்துச் சொல்லுங்க."

"அழிஞ்சுபோச்சுங்க" என்றேன். "என் தப்புங்க."

"அழிஞ்சா என்னங்க, நீங்கதான் வந்துட்டீங்களே. எடுத்துருவீங்க."

பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் இந்த நோட்டில் எழுதுவது அதற்கான வேலை என்று நினைத்துக்கொண்டு, தொந்தரவு செய்யக் கூடாதென்று பேசாமல் காத்திருக்கிறார்.