மேடையில் குடித்த பால்

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் கம்பெனி, மாடுகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. போடுகிறோம்தான். பாலில் ஒரு கெடுதலும் இல்லை என்று மேடை ஏறிச் சொல்வது என் வேலை. வாயை விற்றுப் பிழைக்கிறவன். இன்று மேனேஜர், "சும்மா பேசினா எவன்யா நம்புவான்? சனிக்கிழமை கூட்டத்துல ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டு" என்றார்.

எனக்கு எந்தப் பாலும் சின்ன வயதிலிருந்தே ஒத்துக்கொள்ளாது. சொன்னால், பால் கம்பெனியில் உனக்கென்ன வேலை என்பார். சொல்லவில்லை.

மார்ச் 8, சனி

குடித்தேன். கைதட்டினார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போதே குமட்டி, முன்வரிசைக்காரர்கள் மேலேயே வாந்தி. ஒரு அம்மா "விஷம், விஷம்!" என்று கத்தினாள். அத்தனை போனும் என் மூஞ்சிக்கு நேரே — சீ.

மார்ச் 10, திங்கள்

சீட்டைக் கிழித்துவிட்டார்கள்.

மார்ச் 19, புதன்

ஊசிப் பாலை எதிர்க்கும் சங்கத்தின் தலைவர் வீடு தேடி வந்தார். நான் பேசக்கூட வேண்டாமாம். அந்த வீடியோ ஓடும்போது மேடையில் தலைகுனிந்து உட்கார்ந்தால் போதும். சம்பளம் பழையதைவிட அதிகம். கசக்குமா என்ன?

ஏப்ரல் 7, திங்கள்

மாமனாரிடம் பால் வாங்க ஆளில்லை. ஊசியைக் கண்ணாலும் பார்க்காத மாடுகள். இருந்தும் ஜனங்களுக்கு எல்லாப் பாலும் இப்போது விஷம்தான். கறந்து சாக்கடையில் ஊற்றுகிறாராம்.

"எந்தப் பாலும் உங்களுக்கு ஒத்துக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன். எங்கப்பா பிழைச்சுப்பாரு" என்று மனைவி அழுதாள்.

சொன்னால் என் பிழைப்பு? அவரை மாட்டை விற்றுவிட்டு வேறு வேலை பார்க்கச் சொன்னேன். என்னைக் கல்நெஞ்சக்காரர் என்கிறாள். அநியாயம். நேற்றுகூட அவருக்காகக் கொஞ்ச நேரம் வருத்தப்பட்டேன்.

ஏப்ரல் 26, சனி

இன்றைய கூட்டத்தில் வீடியோ முடிந்ததும் பின்வரிசையில் மாமனார் எழுந்தார். கத்தவில்லை.

"மாப்ளே, முதல் தடவை எங்க வீட்டுக்கு வந்தப்ப, நான் கறந்து குடுத்த பாலைக் குடிச்சிட்டு இதே மாதிரிதானே வாந்தி எடுத்தீங்க? நான்தானே முதுகைத் தடவி விட்டேன்? என் மாட்டுக்கு யாரு ஊசி போட்டா? சொல்லுங்க."

தலைவர் என்னையே பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். மைக்கை வாங்கினேன்.

"அதைத்தான் மாமா நானும் கேக்கறேன். யாரு போட்டா?"

கூட்டம் மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது. யாரோ அவர் சட்டையைப் பிடித்தார்கள். "நான் போடலைங்க, நான் போடலை" என்று அவர் சொன்னது கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கைதட்டலில் கேட்கவில்லை.

கைத்தாங்கலாக அவரை வெளியே கூட்டிப் போனது என் மனைவி. அவள் வந்திருந்ததே எனக்குத் தெரியாது. இனி கூட்டங்களில் நானே பேசலாம் என்று தலைவர் சொல்லிவிட்டார்.